முடியாத மங்களம்

பேச்சிராஜ் மூன்று வருஷமாகக் கிதார் வாசிக்கிறான். அதில் ஒரு பாட்டைக்கூட அவன் அப்பா சுடலையாண்டி முழுசாகக் கேட்டதில்லை. பாதியில் எழுந்துவிடுவார். "வயலுக்குத் தண்ணி திருப்பணும்லே" என்பார். சேரன்மகாதேவியில் அடைமழை கொட்டிய நாளிலும் இதையே சொன்ன மனுஷர் அவர்.

இன்றைக்குத் தீர்ப்பு நாள். "ஒன் வாசிப்பக் கேட்டுச் சொல்லுதேன். ஒப்பேறும்னா வச்சுக்கோ. இல்லேன்னா கிதார வித்துப்போட்டு நாங்குநேரி மாமா அரிசி மில்லுக்குப் போ" என்று சொல்லித்தான் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறினார்.

வாய்த்ததோ வம்பான கச்சேரி. தொண்ணூற்றேழில் 'புதுமை' என்ற ஜுரம் சங்கீத சபாக்காரர்களையும் விடவில்லை. ஆண்டு விழாவில் ராஜாம்பாள் டீச்சரின் பிள்ளைகள் வயலின் குழுவும் பேச்சிராஜின் ராக் கோஷ்டியும் ஒரே மேடையில். முன்னால் ஜமுக்காளத்தில் முப்பது பிள்ளைகள், சப்பணமிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு. பின்னால் இவர்கள், கிழிந்த ஜீன்ஸில், தலையை ஆட்டிக்கொண்டு. எப்படியோ மூன்று பாட்டு ஓடிவிட்டது. கடைசிப் பாட்டில்தான் பேச்சிராஜ் தனியாக வாசிக்க வேண்டும். அப்பா மூன்றாவது வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டுக்கு முந்தினதில் டிரம்ஸ் வாசிக்கும் யூனிசுக்கு வெறி பிடித்துவிட்டது. ஒத்திகையில் இல்லாத அடி. எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், அவன் மட்டும் வெளுத்து வாங்கினான். பிள்ளைகள் வயலினை மடியில் வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்றால் அதுதானே முறை? சபையில் பாதிப்பேர் வழக்கம்போல் காபி குடித்துவிட்டு வந்தார்கள்.

யூனிஸ் ஒருவழியாக ஓய்ந்ததும், முன்வரிசைக் குட்டி ஹம்ஸினி வயலினைத் தூக்கினாள். அவள் வாசித்த கச்சேரிகளிலெல்லாம் தனி முடிந்தால் அடுத்தது மங்களம். அதை ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

மங்களம் வந்தால் கச்சேரி முடிந்தது. அப்புறம் யாரும் எதுவும் வாசிக்கக் கூடாது. சபை மொத்தமும் எழுந்து கைகூப்பியது. சுடலையாண்டியும் எழுந்து நாற்காலிக்கடியில் செருப்பைத் துழாவினார். பேச்சிராஜுக்கு நாங்குநேரித் தவிட்டு வாசனை இப்போதே மூக்கில் ஏறிவிட்டது.

அப்போதுதான் கவனித்தான். எழுந்தார்களே தவிர ஒருத்தரும் நகரவில்லை. மங்களம் பாதியில் இருக்கையில் கிளம்பினால் குடும்பத்துக்கு ஆகாது. அப்பாகூட ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

முடிந்தால்தானே போவீர்கள்?

கிதாரை உறும விட்டு மங்களத்துக்குள் பாய்ந்தான். மூன்று வருஷ வித்தையையும் அந்த மெட்டிலேயே இறக்கினான். பிள்ளைகள் கடைசி வரிக்கு வரும்போதெல்லாம், மறுபடி முதலிலிருந்து என்று தலையாட்டினான். ஹம்ஸினிக்கு ஒரே குஷி.

"முடிச்சுத் தொலையேன்டா!" ராஜாம்பாள் டீச்சர் பல்லைக் கடித்தார். "எல்லாரும் ஆத்துக்குப் போக வேண்டாமா?"

"அதுக்குத்தான் டீச்சர் முடிக்கல!"

சபாச் செயலாளர் வெங்கடசுப்பிரமணியனுக்கு மூட்டு வலி. கூப்பிய கையோடு காலை மாற்றி மாற்றி ஊன்றினார். அது தாளத்தோடு ஒத்துப்போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்களும் கால் கடுத்து அப்படியே செய்ய, கொஞ்ச நேரத்தில் மடிசாரும் பஞ்சகச்சமுமாகச் சபையே ஆடியது.

கடைசியில் கிதார் கம்பி ஒன்று பட்டென்று அறுந்தது. மங்களம் நின்றது. ஜனம் விட்டால் போதும் என்று வாசலுக்கு ஓடியது.

சுடலையாண்டி மட்டும் ஒற்றைச் செருப்போடு மேடையை நோக்கி வந்தார். பேச்சிராஜ் கிதாரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஏலே, முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டுப்பா. நீங்க வயலுக்கு..."

"தண்ணி அது பாட்டுக்குப் பாயும்." இருந்த செருப்பையும் கழற்றிவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். "கம்பிய மாட்டுலே. இந்த மட்டம் நான் உக்காந்து கேக்கணும்."