நாற்பத்தாறுக்குக் கீழே

துணி வியாபாரிக்குப் பல பொய்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தால் கடை ஓடிவிடும். "இதுக்குக் கீழ கட்டாதுங்க." முதலாளியின் அப்பா சொன்னார், பெரியப்பா சொன்னார், முதலாளியும் வாய்க்கு வலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு இரண்டு படி இறங்குவார். இறங்குவார் என்று வாங்க வந்தவருக்கும் தெரியும். தெரிந்தே இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கடைசியில் இருவருமே ஜெயித்த மாதிரி பிரிவார்கள்.

அவருடைய மொத்த வியாபாரக் கடைக்குப் பின்னால், பேல்கள் கூரைவரை அடுக்கிய கிடங்கின் கோடியில் ஓர் அறை. கடையில் மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைக்கவே யோசிக்கிற மனுஷர் அந்த அறைக்கு ஏசி போட்டிருந்தார். வெள்ளிதோறும் சாயங்காலம் அங்கே சபை கூடும். சபை என்றால் ஐந்து பேர், ஒரு நீள மேஜை, வயிறு பருத்து வாய் குறுகிய ஐந்து கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு ஸ்காட்ச் பாட்டில்.

ஏதோ ஒரு பாட்டில் அல்ல. விமான நிலையத்தில் வரிசை கட்டி நிற்கிறதே, அதையெல்லாம் சபை "பள்ளிக்கூட யூனிஃபார்ம்" என்று ஒதுக்கிவிடும். இவர்கள் தேடுவது தனி ஆட்கள் அடைக்கிற சரக்கு. ஆலையிலிருந்து ஒரே ஒரு பீப்பாயை விலைக்கு வாங்கி, இன்னொன்றோடு கலக்காமல், நிறம் சேர்க்காமல், தண்ணீர் விடாமல், தன் பெயரை ஒட்டி அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பீப்பாய் தீர்ந்தால் தீர்ந்ததுதான். காசை நீட்டினாலும் மறுபடி பிறக்காது.

"நம்ம தொழில்தாங்க இது," என்பார் முதலாளி, புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களிடம். "மில்லுல ஒரு லாட்டைத் தூக்கி நம்ம முத்திரை குத்தி விக்கறோம்ல, அதே கதை. மில்காரனுக்கு எல்லா மீட்டரும் ஒரே மாதிரி இருந்தாகணும். நமக்கு இந்த ஒரு லாட் நல்லா இருந்தா போதும்." அடுத்த பாடமும் கையோடு வரும். "வடிகட்டாத சரக்கு. எண்ணெயெல்லாம் உள்ளயே இருக்கும். ஆல்கஹால் நாப்பத்தாறு சதவீதத்துக்குக் கீழ இறங்கி, கொஞ்சம் குளிரும் பட்டுதுன்னா பனி மூடின மாதிரி கலங்கிடும். அது குறை இல்லீங்க. நேர்மை."

சபையில் மூளை யாருக்கு என்று கேட்டால் அடிதடியாகும். மூக்கு யாருக்கு என்பதில் தகராறே கிடையாது. கண்ணாடிக் கடைக்காரருக்கு. பார்வை சோதித்து, லென்ஸ் தேய்த்து, சட்டம் மாட்டிக் கொடுக்கிறவர். சபையில் அவர் மூக்கண்ணன். "பகல்ல ஊரார் மூக்கு, சாயங்காலம் என் மூக்கு. மூக்கை நம்பின பிழைப்பு," என்பார். கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினால் அறை அடங்கிவிடும்.

"கயிறு," என்பார். "நனைஞ்ச கயிறு. படகு கட்டின கயிறு. யாரோ அது மேல ஆரஞ்சுத் தோலைப் பிழிஞ்சிருக்கான், படவா."

உடனே மற்றவர்களுக்கும் கயிறு தெரியும். அதுவரை தெரிந்திருக்காது.

"எனக்கு லிஃப்ட் குழி வாசனைதான் வருது," என்பார் லிஃப்ட் மெக்கானிக். "பழைய கிரீஸ், கொஞ்சம் எலி."

"உங்களுக்கு எதுலதான் எலி வரல?" என்பார் ஆடிட்டரம்மா. "இது கணக்குல காட்டாத பணம் மாதிரி இருக்கு. வாயில இனிக்குது, அப்புறமா எரியுது."

மருந்துக்கடைக்காரர் மட்டும் எதையும் ஒரே சொல்லில் முடிப்பார். "டிஞ்சர்." அவருக்கு நல்ல பாட்டில் எல்லாமே டிஞ்சர்தான், நல்ல டிஞ்சர், மட்டமான டிஞ்சர் என்று இரண்டு வகை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த சபைக்கு வினை, பட்டப்பகலில் கடை வாசல் வழியாக வந்தது. மூக்கண்ணனின் மனைவி.

"வாம்மா. எந்தத் துணி பாக்கறே?"

"எதையாவது விரிங்கண்ணே. சும்மா நின்னா பாக்கறவங்க ஒரு மாதிரி பாப்பாங்க."

திரைத்துணி ஒன்றை விரித்தார். அவள் அதைத் தடவிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள். அவருக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. ஒரு சொட்டு கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று.

"எங்ககிட்ட வயித்துப் புண்ணுன்னாரே!"

"உங்ககிட்ட உண்மையைச் சொன்னா நாற்காலி போயிடும்னு பயம்."

"அதுக்கென்ன, நானே வராதீங்கன்னு சொல்லிடறேன்."

"சொன்னா, நேரா ஆத்துக்கு அந்தப் பக்கம் போவார். அங்க ஒரு கூட்டம் இவரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காம். வீட்டுல இருந்ததையெல்லாம் நான் கொட்டிட்டேன். இங்க இருக்கறதை என்னால கொட்ட முடியுமா? டாக்டருக்கு ஒரு சொட்டு கூடாது. இவருக்கு ஒரு சொட்டு குறையக் கூடாது. நடுவுல நான் தரகு பேசிக்கிட்டு நிக்கறேன்."

பிறகு கேட்க வந்ததைக் கேட்டாள். அவர் கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் கலக்க வேண்டும்.

முதலாளிக்கு யாரோ கடையில் தீ வைக்கச் சொன்ன மாதிரி இருந்தது. "தண்ணியா? அவர் மூக்குக்குத் தெரியாமயா?"

"கொட்டறதுக்கு முன்னாடி நான் வீட்டுல கலந்து பாத்துட்டேண்ணே." அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாட்டில்ல பாதி தண்ணி. குடிச்சிட்டு 'ஆஹா'ன்னார். பால் பொங்கித் தீஞ்சாக்கூட இப்பல்லாம் அவருக்குத் தெரியறதில்லை. மருந்தாலயோ, நோயாலயோ."

அந்த 'ஆஹா'வைக் கேட்டபோதுதான் முதலாளி உட்கார்ந்தார்.

பேரம் தொடங்கியது. அவள் பாதிக்குப் பாதி கேட்டாள். அவர் எட்டில் ஒரு பங்கு தண்ணீர் என்றார். "இதுக்குக் கீழ கட்டாதும்மா," என்று வாய் தானாகச் சொல்லியது. கடைசியில் ஆறில் ஒன்று என்று படிந்தது. சந்தேகம் வராமல் இருக்க ஒரு மீட்டர் திரைத்துணியும் வெட்டி வாங்கிக்கொண்டாள். அதற்கு அவள் பேரமே பேசவில்லை.

சபையில் மற்ற மூவருக்கும் சொல்ல வேண்டியதாயிற்று. "கலப்படத்துக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை," என்றார் ஆடிட்டரம்மா, "இதுக்குப் போடறேன்." கலக்கும் வேலை மருந்துக்கடைக்காரருக்கு. ஊசி போடாத சிரிஞ்சால் அளந்து விடுவார். எல்லாக் கிண்ணத்தையும் வட்ட மூடியால் மூடித்தான் மேஜைக்குக் கொண்டுவருவது சபை வழக்கம். அது வசதியாகப் போயிற்று.

ஆறு மாதம் நடந்தது. மூக்கண்ணன் கண்ணை மூடுவார், முகர்வார். முன்போல உடனே சொல் வராது. அதற்குள் லிஃப்ட் மெக்கானிக், எலியையெல்லாம் விட்டுவிட்டு, உரக்க ஆரம்பிப்பார்: "புகை இருக்கில்லண்ணே? கொஞ்சம் உப்பும் வருதுல்ல?" மூக்கண்ணன் அந்த இரண்டு நூலைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஒரு கடற்கரையையே நெய்துவிடுவார். நான்கு தலைகளும் ஆடும். ஆட்டுகிறவர்களுக்குத்தான் கழுத்து வலித்தது.

இதற்கிடையே அவர் நிறக் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தார். "கடைக்கு விளம்பரம்," என்றார். அறைக்குள்ளும் கழற்றுவதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளி மத்தியானம் அவள் மறுபடி வந்தாள். முதலாளி கேட்காமலே ஒரு துணியை விரித்தார்.

"கால் ரெண்டும் வீங்கிடுச்சுண்ணே. செருப்பு மாட்ட முடியல. ஸ்கேன் ரொம்ப மோசம்." துணியின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "இன்னும் குறைங்க. இன்னிலேருந்து பாதிக்குப் பாதி. அடுத்த மாசம் அதுலயும் பாதி. அப்படியே வெறும் தண்ணியில கொண்டுபோய் நிறுத்திடலாம்."

முதலாளி வாயைத் திறந்தார். அவள் விரல்களைப் பார்த்தார்.

"சரிம்மா," என்றார்.

அன்று சாயங்காலம் மருந்துக்கடைக்காரர் சிரிஞ்சோடு நின்றுகொண்டு, "பாதியா?" என்றார்.

"வாக்குக் குடுத்துட்டேன்."

மூலையிலிருந்த ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீரை எடுத்து முதலாளியே நீட்டினார். பாட்டில் ஐம்பத்தெட்டு சதவீதம், பாதியானால் இருபத்தொன்பது. புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்த வாயும், துளித்துளியாக அளந்த கையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மூடிகளைப் போட்டார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மூக்கண்ணன் சுவரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார். வாசலில் காரில் மனைவி, வழக்கம்போல. நாலு நல்ல வார்த்தை, இரண்டு கிண்டல். மூடியை எடுத்தார். கிண்ணத்தை மூக்குக்குக் கொண்டுபோகிற பாதி வழியில் கை நின்றது.

கீழே வைத்தார். பிறகு நிறக் கண்ணாடியைக் கழற்றினார்.

அறையிலிருந்தவர்கள் அவர் கண்களைப் பார்த்தார்கள். அழுத்தமான மஞ்சள். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, மற்ற நான்கு கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக இழுத்து, விளக்குக்கு அடியில் தன்னுடையதோடு வரிசையாக வைத்தார். நான்கு தேன் மாதிரித் தெளிந்து நின்றன. ஒன்றுக்கு மட்டும் கண்புரை விழுந்திருந்தது.

"ஏசி குளிரு..." என்று ஆரம்பித்தார் லிஃப்ட் மெக்கானிக்.

"குளிரு எனக்கு மட்டும் தனியா அடிக்குதா?" மூக்கண்ணன் முதலாளியைப் பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"இன்னிக்குத்தான்..."

"வியாபாரம் பேசாதே. அடக்க விலையைச் சொல்லு."

"ஆறு மாசமா."

மூக்கண்ணன் தலையை மெதுவாக அசைத்தார். எதையோ பின்னோக்கி எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. "போன மாசம் அந்த இருபது வருஷத்துப் பீப்பாய். பழைய தோல் பெட்டி, வாதுமைன்னேன். தலையாட்டினீங்களே."

ஆடிட்டரம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்களும் ஆட்டினீங்களே, ஆடிட்டரம்மா. ஒரு சைபர் கூடினா கண்டுபிடிப்பீங்களே."

"உங்களுக்காகத்தான்..." என்றார் ஆடிட்டரம்மா.

"என் ஈரல் கெட்டது எனக்குத் தெரியும்யா. டாக்டர் சொன்னான். என் மூக்கு கெட்டதை நீங்கதான் சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்ல வேற யாரு இருக்கா?" முதலாளி பக்கம் கையை நீட்டினார். "ஊத்து. முழுசா. தண்ணி இல்லாம."

வந்த வாடிக்கையை அடுத்த கடைக்கு அனுப்பாதே என்பது அப்பா சொல்லிக் கொடுத்த பாடம். முதலாளி பாட்டிலைத் தொட்டார். வாசலில் நிற்கிற காரை நினைத்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"முடியாது."

"அப்ப சரி. ஊத்தறவன் இருக்கான்."

மூக்கண்ணன் முன்வாசல் வழியாகப் போகவில்லை. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு பேல்களுக்கு நடுவே நடந்து, சரக்கு இறக்கும் பின்கதவு வழியாகப் போனார். நிறக் கண்ணாடி மேஜையிலேயே கிடந்தது. முதலாளி அதை எடுத்துக்கொண்டு காருக்குப் போனபோது அவள் என்ஜினைக் கிளப்பிவிட்டாள், புருஷன்தான் வருகிறார் என்று.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கூட்டம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எவ்வளவு பெரிய மூக்கு வந்திருக்கிறது! முழு வீரியத்தில் ஊற்றினார்கள். அவர் நினைவிலிருந்து கயிறும் ஆரஞ்சும் எடுத்துக் கொடுத்தார், கைதட்டினார்கள். மூன்றாவது வாரம் ரத்த வாந்தி. அடுத்த வாரம் ஆள் இல்லை. மயானத்தில் இரண்டு சபையும் எதிரெதிரே நின்றன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து அவள் கடைக்கு வந்தாள். இந்த முறை துணியை விரிக்கச் சொல்லவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்ணே. அன்னிக்கு எப்படிக் கண்டுபிடிச்சார்? நாக்குலயா?" கடைசியிலாவது ருசி தெரிந்திருக்குமோ என்று அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆசை இருந்தது.

"இல்லம்மா. கண்ணுல." நாற்பத்தாறு சதவீதத்தை விளக்கினார். அதற்குக் கீழே இறங்கி, குளிரும் பட்டால் கலங்கும். வீட்டில் அவள் கலந்தபோது குளிர் படவில்லை. அதுவரை இறங்காததால்தான் ஆறு மாதம் ஓடியது.

அவள் கேட்டுக்கொண்டாள். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வர்றவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் குடுப்பேன்."

"அப்ப, இன்னும் குறைங்கன்னு நான் கேட்டன்னிக்கு 'இதுக்குக் கீழ கட்டாதும்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நான் ஒத்துக்கிட்டிருப்பேன்."

அவள் படியிறங்கிப் போனாள். பக்கத்தில் போர்வைத் துணியைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் இதுதான் சமயம் என்று நெருங்கி, அடாவடியாக ஒரு விலை கேட்டார். பாதி விலைக்கும் கீழே. கேட்டுவிட்டு, வழக்கமான பதிலுக்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டார்.

முதலாளி வாயைத் திறந்தார். பழகின வாக்கியம் வரவில்லை.

"எடுத்துக்குங்க," என்றார்.

வந்தவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எங்கேயோ பழுது இருக்கிறது என்று முடிவு செய்து, கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.