குசினிச் சுவரில் அரைவிரல்

...சாம்பலில் பிழை இல்லை, கொய்யாக் கட்டைச் சாம்பல், பழைய சேலைத் துணியில் இரண்டு தரம் சலித்தது, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறி மேலே தெளிந்து நிற்கிறது, தொட்டால் விரல் வழுக்குகிறது, நமுனுகுல மலைச்சரிவில் இந்தத் தண்ணீருக்கு அசையாத அழுக்கு எந்தப் பங்களாவிலும் கிடையாது என்று பத்து வருஷமாக நம்பியிருந்தாள் கருப்பம்மா. துரைசாணி தன் சீமைச் சவர்க்காரத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டால் பூட்டட்டும், தரைக்குச் சாம்பல் தண்ணீர், பித்தளைக்குப் புளியும் செங்கல் தூளும், மர மேசைக்குப் பூந்திக்கொட்டை நுரை, கண்ணாடிக்குப் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோல்... எல்லாம் அவளே காய்ச்சி, ஊறவைத்து, வடிகட்டி வைப்பதுதான். அந்த நம்பிக்கையில்தான் ஒரு சிரட்டை அள்ளிக் குசினிப் பின்சுவரில் பதிந்திருந்த மஞ்சள் கைத்தடத்தின்மேல் அடித்தாள். மஞ்சள் போகவில்லை. சிவந்தது. உள்ளங்கை, நாலு விரல், பாதியில் நின்ற சுண்டுவிரல், எல்லாம் அவள் கண்ணெதிரே ரத்தமாகிச் சுவரில் வழிந்தது.

தெரியாதவளா அவள்? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், லயத்து வரிசை வீடுகளில் எந்தக் கல்யாணத்துக்கு அவள் ஆலத்தி கரைக்கவில்லை? சாம்பலும் அதே வேலையைச் செய்யும் என்று மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டிய நாளாகப் பார்த்துத் தோன்றாமல் போயிற்று... சரி, போகட்டும், தங்கச்சி கல்யாணத்துக்கும் ஆலத்தி கரைத்தாயிற்று, தட்டில் இல்லை, சுவரில். அந்த அரைவிரல் தங்கச்சி அழகாயியுடையது. மிச்ச அரை போன வருஷம் தேயிலை மெஷினில் போனது. வலது கைச் சுண்டுவிரல். இந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு கை ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது கங்காணிக்கும் தெரியும், சமைக்கிற கோக்கிக்கும் தெரியும், கொழுந்துக் கூடை சுமக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

நேற்று சாயங்காலம் இந்தக் குசினி அம்மியில் அழகாயி மஞ்சள் அரைத்தாள். எதுக்குடி என்று கருப்பம்மா கேட்கவில்லை. கேட்காததும் ஒரு பதில்தானே? அவளைக் கட்டப்போகிற மாட்டுவண்டிக்காரன் சங்கிலிக்குத் தங்கத்தில் தாலி வாங்க வக்கில்லை, மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டுவான், அதுவும் தாலிதான். விடியலில் பாய் காலி. காலை வேலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது அழகாயிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தாள், பொய் சொன்ன நாக்கு தன்பாட்டுக்குக் கிடந்தது, கை கால் தன்பாட்டுக்கு நடந்தது. உச்சிவேளை வரைக்கும் அந்தக் காய்ச்சல் தாங்கினால் போதும். அதற்குள் எல்லக் கணவாய் தாண்டி வெல்லவாய இறங்கிவிடுவார்கள். அதற்கு முன்னே பிடித்தால்? துரை எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு ஓடியதற்கு அவனை மறியலில் அடைப்பார்கள். அவளை இழுத்து வந்து வீரபத்திரன் கங்காணியின் மச்சானுக்குக் கட்டி வைப்பார்கள், இரண்டு பெண்டாட்டிகளைப் புதைத்துவிட்டு மூன்றாவதுக்குக் காத்திருக்கிறவனுக்கு.

ஆக, என்ன செய்வது? சிவப்பாக விட்டால் பதினோரு மணிக்குச் சாப்பிட வரும் துரை ரத்தம் என்பார், யாருடையது என்பார், தலையை எண்ணச் சொல்வார், எண்ணினால் ஒன்று குறையும். புளிப்பு பட்டால் சிவப்பு மாறும், ஆனால் மஞ்சளாகத்தான் மாறும், மஞ்சள் கையைப் பார்த்தால் துரைக்கு ஒன்றும் விளங்காது, கங்காணிக்கு எல்லாம் விளங்கிவிடும். துரைக்கு ஆகாத நிறம் ஒன்று, கங்காணிக்கு ஆகாத நிறம் ஒன்று... அவள் தேங்காய் நாரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள், மறுபடி நனைத்தாள். யார் முதலில் வருவார்கள் என்பதுதான் இப்போது கேள்வி.

முதலில் வந்தது இரண்டு பேருமில்லை, கோக்கி நஸீர் நானா. பதுளை டவுனிலிருந்து வந்து ஏழு வருஷமாகத் துரைக்குச் சமைக்கிறவர், ஒரு கோழியைக் கூடையால் மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"என்ன கருப்பம்மா, எனக்கு முந்தி நீ அறுத்துட்டியா?"

சிரித்தார், சிரிப்பு அந்த அரைவிரலுக்கு வந்ததும் நின்றது. உள்ளே போனார், பாதி எலுமிச்சை இரண்டைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார், பிரியாணிச் சட்டியில் மஞ்சள் பிடித்தால் தான் இதைத்தான் போடுவதாக யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனார். அவருக்கு எவ்வளவு தெரியும்? தெரிந்தால் தெரியட்டும். எலுமிச்சையைத் தேய்த்தாள், சுவர் பொரபொரவென்று நுரைத்தது, சிவப்பு விலகி மஞ்சள் வந்தது, கோயில் மஞ்சள் மாதிரிப் பளிச்சென்று, விரல் விரலாக, முன்னைவிடத் தெளிவாக.

அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து இருமல் கேட்டது. அந்த இருமலை அவள் தூக்கத்திலும் அறிவாள், பெரட்டுக் களத்தில் தினமும் கேட்கிற இருமல், கங்காணி. யோசிக்க நேரமிருந்ததா? இல்லை, கைதான் யோசித்தது, சிரட்டை சாம்பல் தண்ணீருக்குள் போயிற்று, ஒன்று, இரண்டு, மூன்று, சுவர் மறுபடி சிவந்தது, அரைவிரல் வழிந்து முழுவிரலாயிற்று, கங்காணியின் தலைப்பாகை மூலையைத் திரும்பியபோது அங்கே கை இல்லை, ஒரு சிவப்புக் கறை மட்டும் இருந்தது.

"இது என்ன கூத்து?"

குசினிக்குள்ளிருந்து நஸீர் நானா கத்தியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கோழி அறுத்தேனுங்க கங்காணியார். சனியன், கையை விட்டுத் துள்ளிச் சுவரெல்லாம் அடிச்சிருச்சு."

கங்காணி மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார், வெள்ளிக்கிழமை, சுத்த பத்தம். துரை கண்டால் தோலை உரித்துவிடுவார், சீக்கிரம் கழுவு என்றார். போகத் திரும்பியவர் நின்றார்.

"தங்கச்சிக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"இறங்கலைங்க. கொதிக்குது."

"ம்... கொத்தமல்லி அவிச்சுக் குடு. சாயங்காலம் மச்சான் வந்து பாப்பான்."

போய்விட்டார். சாயங்காலம்... சாயங்காலம் எவ்வளவோ தூரம். கூடைக்குள் கோழி கொக்கரித்தது, நல்ல காலம், இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. நானா அதன் காலைப் பிடித்துத் தூக்கினார். இன்றைக்குத் துரைக்கு மீன் என்றுதான் நினைத்திருந்தாராம், இனி இதை அறுக்காமல் முடியாதாம்.

அவள் தேய்த்தாள். எலுமிச்சை, நார், எலுமிச்சை, நார், நுரைத்து நுரைத்துச் சுண்ணாம்பு பொருக்காகக் கழன்றது, அதோடு மஞ்சளும் போயிற்று, உள்ளங்கை போயிற்று, விரல்கள் போயின, ஒரு சுளகளவு மண்சுவர் நனைந்து நின்றது, மழைக்கு உரிந்தது என்று சொன்னால் யார் இல்லையென்பார்? முடிந்தது. கை எரிந்தது. நாரைப் பிழிந்து கொடியில் போட்டாள், வாளியைக் கவிழ்த்தாள், பாதையைப் பார்த்தாள், லயத்திலிருந்து வந்து இந்தச் சுவரை ஒட்டியபடியே பெரிய ரோட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. ரோட்டுக்குப் போகிறவளுக்குச் சுவர் எந்தப் பக்கம்? சும்மாதான் கேட்டுக்கொண்டாள். இடது பக்கம். போகிற போக்கில் சாய்ந்தால் இடது கைதான் படும்... மெஷினில் போனது வலது கை விரலல்லவா?

அவள் ரோட்டுப் பக்கம் பார்த்து நின்றாள், வலது கையைச் சுவரில் வைக்கப் பார்த்தாள், வரவில்லை. திரும்பினாள். இப்போது வந்தது, லகுவாக, ஈர மண்ணில் உள்ளங்கை அப்படியே பதிந்தது. போகிறவள் வைத்த கை இல்லை அது, திரும்பியவள் வைத்தது. லயத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகத் திரும்பினாளா? இல்லை வீட்டுக்கே வரத் திரும்பி, வர விடாமல் அவன் இழுத்து... விரல்கள் சுவரைத் தொட்டிருந்தனவா, பிடித்திருந்தனவா? காலையில் அது அத்தனை தெளிவாக இருந்ததே, அரைவிரலைத் தவிர அவள் வேறு எதைப் பார்த்தாள்? கருப்பம்மா கையை எடுக்காமல் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தேயிலைக்கு மேலே லயத்துத் தகரக் கூரை தெரிந்தது, அதில் நாலாவது கதவு, அவளுடைய கதவு, காலையில் அவள் சாத்திவிட்டு வந்தபடியே சாத்திக் கிடந்தது.