மிச்ச மாத்திரை

"கொசுவுக்குக் காய்ச்சல் வந்தா யாரும்மா ஊசி போடுவா?"

தையல்காரியின் மகள் இப்படிக் கேட்டபோது, கம்பெனி வேலையாகக் காடு நிறைந்த வெளிநாடொன்றில் ஜெனரேட்டர் பழுது பார்த்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்த தாய்மாமன் வயிறு குலுங்கச் சிரித்தான். சில நாளில் அவனே போர்வைக்குள் பல் கிட்டிக் கிடந்தான்.

தெருமுனை டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "சாதா ஜுரம்" என்றார். எங்கே போய் வந்தாய் என்று கேட்கவில்லை. இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறி, கண்ணும் மஞ்சளித்த பிறகு, தையல்காரி தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே எங்கே போய் வந்தான் என்பதைத்தான். ரத்தத்தைப் பார்த்தார்கள். மலேரியா, அதிலும் மூளையைத் தாக்கக்கூடிய வகை.

"தடுப்பு மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"அங்க இருந்தவரைக்கும் சாப்பிட்டேன்."

"வந்தப்புறமும் நாலு வாரம் சாப்பிடணுமே. மிச்சம் எங்க?"

"கிளம்புறப்ப முகாம் சமையல்காரருக்குக் குடுத்துட்டேன்."

தையல்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. "பெரிய வள்ளல்! உயிரத் தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கான். வாங்கினவனுக்குக் கை கூசலையா?"

"திட்டாதக்கா. கம்பெனி எனக்குக் கொசுவலையே குடுக்கல. அவரு தன்னோடத எனக்குக் கட்டிட்டு வெறுமனே படுத்தாரு. சமையல்காரங்களுக்கு மாத்திரையும் கிடையாதாம்."

"ஏன், கொசு உத்தியோகம் பாத்தா கடிக்குது?"

"சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க" என்று டாக்டரம்மா நரம்பில் ஊசி மருந்தை ஏற்றினார்.

வெளியே கடவுளை வேண்ட உட்கார்ந்தவள் வாயில் வசவுதான் வந்தது. அவர் அதையும் கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. தம்பி கண் விழித்து, "பசிக்குதுக்கா" என்றான்.

அவன் தேறியதும் கம்பெனிக்குப் போனாள்.

"மாத்திரைய நிறுத்தினது உங்க தம்பி தப்பும்மா" என்றார் மேனேஜர்.

"அது அவன் தப்பு, சரி. வலை குடுக்காதது யார் தப்பு?"

மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பற்களைக் கடித்தபடி வெளியே வந்தாள். அந்தக் காட்டு முகாமுக்குப் போகும் பெட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன. ஒன்றில் 'சமையலறை' என்று எழுதியிருந்தது.

வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம் கொசுவலைத் துணியை விரித்து, இரட்டைத் தையல் போட்டு, நாலு மூலையிலும் கயிறு வைத்தாள். கோபத்தில் இரண்டு ஊசி ஒடிந்தது. மறுநாள் கம்பெனிக் காவலாளி சாப்பிடப் போன நேரம், 'சமையலறை' என்று எழுதிய அந்தப் பெட்டியின் பலகை இடுக்கில் வலையைத் திணித்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள்.