முள் வெட்டும் குறடு

மகள் யதுசாவின் கலியாணம் முடிந்து பதினோராம் நாள், மார்கிறட் தன் தமையன் அந்தோனிமுத்துவைத் தேடி வந்தாள். மருமகன் திலீபன் வருகிற திங்கட்கிழமை முதல் தூண்டில் தொழிலுக்குப் போகப் போகிறானாம். படகில் வைக்கத் தூண்டில் முள் வெட்டும் குறடு ஒன்று வேண்டும் என்றாள்.

“நீங்களே பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ அண்ணை. வேற ஆரையும் நான் நம்பேல்லை.”

அவர் ஓம் என்றார். அவள் வேலிப் படலையைச் சாத்திய சத்தத்தில் அவருக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

டிக் என்று கேட்கிற எந்தச் சத்தமும் அவரை அப்படித்தான் செய்தது. இரண்டரை வருடத்துக்கு முன், முல்லைத்தீவுக் கரைக்கு நேரே நடுக்கடலில், குறட்டின் வாய் முள்ளில் வழுக்கியபோது கேட்ட சத்தம் அது. மார்கிறட்டின் புருசன் றொமேசின் உள்ளங்கையில் அந்த முள் ஏறியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் பெரிய சுறா ஒன்று கீழே இழுத்துக்கொண்டிருந்தது. படகின் விளிம்பில் நெஞ்சு நசிய விழுந்து கிடந்த றொமேஸ், “இன்னொருக்கா நெரி மச்சான்” என்றான். அந்தோனிமுத்து நெரித்தார். வழுக்கியது. மறுபடியும் நெரித்தார். மூன்றாம் தரம் குறட்டின் வாயே பிளந்தது. சுறா ஒரு முக்கு முக்கி றொமேசையும் தண்ணிக்குள் இழுத்துக்கொண்டு போனது. அவ்வளவுதான். உடல் கரையேறவில்லை. திரும்பி வராதவர்களுக்காக எப்படிக் காத்திருப்பது என்று அந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மார்கிறட்டும் காத்திருந்தாள்.

பொலிசுக்கும் சுவாமியாருக்கும் தங்கைக்கும் அவர் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்: குறடு வழுக்கிப்போட்டுது. அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. கரையோரக் களப்பில் இறால் பிடித்துச் சீவித்தார். இடுப்பளவு தண்ணீரில் தனியே நிற்கும்போது இடப்பக்கத் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்கும். திரும்பிப் பார்க்கமாட்டார். பார்த்தால் அது பேசத் தொடங்கிவிடும் என்று நினைத்தார்.

மறுநாள் பட்டினத்தில் கதிர்காமநாதனின் இரும்புக் கடைக்குப் போனார். பையில் பத்துத் தூண்டில் முள்ளும், முள் குத்தி வைத்த ஒரு துண்டு வாழைத்தண்டும் இருந்தன. கடைக்காரர் மூன்று குறடுகளை எடுத்துப் போட்டார். முதலாவதின் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார் அந்தோனிமுத்து. நுனியில் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. தள்ளி வைத்தார். இரண்டாவதின் மூக்கு தடிப்பு. வாழைத்தண்டுக்குள் புதைந்த முள்ளை அதனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது மெல்லிய மூக்குக் குறடு. கைப்பிடியும் கைக்கு வாகாக இருந்தது. சவர்க்காரத் தண்ணி கொஞ்சம் கேட்டு வாங்கி இரண்டு கையிலும் பூசிக்கொண்டார். கடலில் கை உலர்ந்திருக்காதே. பிறகு முள்ளைக் கவ்வி நெரித்தார்.

டிக். வாய் வழுக்கியது.

“இன்னொருக்கா நெரி மச்சான்.”

யூரியா மூட்டைகளின் பக்கத்திலிருந்து, மிக அருகில் கேட்டது. வாழைத்தண்டு கையிலிருந்து விழுந்தது. எதையும் எடுக்காமல் வெளியே போய் மதிற்கரையில் குந்தினார். கதிர்காமநாதன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, உடம்பில் சீனி வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார். அந்தோனிமுத்து இல்லை என்று தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனாலும் மறுநாளும் போனார். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பாரமான குறட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தார். அதன் கைப்பிடி இரண்டு மூட்டு வைத்த இரட்டைப் பூட்டு. கொஞ்சம் நெரித்தாலே வாயில் பலம் கூடும். சவர்க்காரக் கையால் நெரித்தார். முள் இரண்டாகி விழுந்தது. பத்து முள்ளையும் வெட்டினார். வெட்டுவாயில் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பள்ளமும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் கடல்தண்ணீர் வாளியில் போட்டு வைத்தார். பூட்டு துருப்பிடித்து இறுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தங்கை வீட்டுக்குப் போனார். மார்கிறட் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுக் குறட்டை வாங்கி, அவர் நீட்டிய முள்ளில் தானே வைத்து நெரித்தாள். முள் துண்டாகித் தரையில் தெறித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது அண்டைக்குப் படகில இருந்திருந்தால்...”

ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். இரண்டரை வருடமாக அவர் அதைத்தான் செய்துவந்தார். அன்றைக்கு ஓம் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

“இது தேவைப்பட்டிராது பிள்ளை,” என்றார். “என்ர இடுப்பில கத்தி இருந்தது. கீழ இழுத்தது வெறும் நைலோன் கயிறு. ஒரு இழுவை இழுத்திருந்தால் அறுந்திருக்கும். எனக்கு அந்தக் கத்தி ஞாபகமே வரேல்லை. குறட்டையே நெரிச்சுக்கொண்டு நிண்டனான்.”

மார்கிறட் திருவுபலகையில் போய் இருந்தாள். பாதித் தேங்காயை எடுத்துத் திருவி முடித்தாள். பிறகுதான் பேசினாள்.

“தெரியும். அண்டைக்கு உங்கட உடுப்பைத் தோய்ச்சது நான்தானே. கத்தி உறையோட சாரத்துக்குள்ள கிடந்தது. நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அவள் தேத்தண்ணி ஊற்றினாள். வழமையாகக் கையில் தருகிறவள், அன்று கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை முற்றத்திலேயே நின்றாள். அவர் படியிறங்கும்போது, “நாளைக்கு நீங்களும் திலீபனோட கடலுக்குப் போங்கோ,” என்றாள். அது மன்னிப்பா தண்டனையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணியவில்லை.

திங்கட்கிழமை விடிய இருவரும் போனார்கள். வெயில் ஏறும்போது கரை ஒரு கோடாகிவிட்டிருந்தது. மாமனார் றொமேஸ் விழுந்த இடத்தைக் காட்டச் சொல்லித் திலீபன் கேட்டான். அந்த இடம் தன் வீட்டு வாசல் மாதிரித் தனக்குத் தெரியும் என்றுதான் அந்தோனிமுத்து இத்தனை நாளும் நம்பியிருந்தார். கோயில் கோபுரத்தைக் குறி வைத்தார். பிறகு வடக்கே கொஞ்சம் ஓட்டச் சொன்னார். பிறகு திரும்பவும் தெற்கே. எங்கும் அதே பச்சைத் தண்ணீர், அதே சின்ன அலை.

திலீபன் எஞ்சினை நிறுத்தினான். “இஞ்சயோ மாமா?”

“இஞ்சயும் இருக்கலாம்.”

திலீபன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அந்தோனிமுத்து காதைக் கொடுத்துக் காத்திருந்தார். படகின் அடியில் தண்ணீர் தட்டியது, வேறொன்றும் கேட்கவில்லை. தோளுக்குப் பின்னால் இருந்த மூச்சும் இல்லை. களப்பில் கேட்டது இங்கே கேட்காதது அவரை இன்னும் பயப்படுத்தியது. முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். ஈரமான வெறும் பலகை. அதன்மேல் சுருண்டு கிடந்த கயிற்றின் நுனியை எடுத்துத் திலீபனிடம் கொடுத்துவிட்டு, தூண்டில் முள்ளில் இரை குத்தத் தொடங்கினார்.