கல்லின் தலையில் எழுதும் ஊர்

“தோங்குவான்னுதானே எழுதச் சொன்னேன், இது என்ன...”

“நான்தான் மாத்தச் சொன்னேன், அக்கா. நீ கத்தாதே...”

“கத்துவேன்! அப்பா பொறந்த ஊரை எடுக்க நீ யாரு?”

“மகன். கட்டிக்கொடுத்த பொண்ணுக்குக் கல்லு விஷயத்துல பேச்சே கிடையாது, தெரியுமில்ல?”

ஹங் ஹாமில், சவப்பெட்டிக் கடைகளுக்கு நடுவே இருந்த கல் பட்டறை அது. வெளியே ஜூன் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா சுக்ஹானின் குடை நனைந்தபடி கையிலேயே இருந்தது. அவள் எதிரே அப்பாவின் கல்லறைக் கல். வெட்டுவதற்கு முன் சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். நடுவே அப்பா பெயர், அதற்கு மேலே ஊர். எந்தக் கல்லானாலும் தலையில் ஊர் இருக்கும். வாழ்ந்த ஊர் அல்ல, பூர்வீக ஊர். அதைப் பார்த்துத்தான் மூதாதையர் இவன் நம் வீட்டுப் பிள்ளை என்று சேர்த்துக்கொள்வார்கள். அந்த இடத்தில், சீன எல்லைக்கு அப்பால் இருக்கும் தோங்குவானுக்குப் பதில், ‘ஹாங்காங்’ என்று இருந்தது.

“இந்த மாசம் பூரா இதே சண்டைதான்” என்றார் கல்வெட்டும் ஃபூன் மாஸ்டர், உளியைத் துடைத்தபடி. “செத்தவங்க நிம்மதியா இருக்காங்க. உயிரோட இருக்கிறவங்கதான் என் கடையை ரெண்டு பண்றீங்க. சீக்கிரம் சொல்லுங்க, அடுத்த வாரம் பிரிட்டிஷ் கொடியை இறக்கிச் சீனக் கொடி ஏத்துறாங்க, கடைக்கு லீவு.”

“மாஸ்டர், அப்பா கப்பல்ல சமையல்காரர்” என்று தம்பி விங்கெய் அவரிடம் திரும்பினான். “சுதந்திரம் வந்து பினாங்குல வெள்ளைக்காரன் கொடி இறங்கினப்போ அங்க இருந்தாரு. லாகோஸ்ல இருந்தாரு. மொம்பாசாவுல மூட்டை தூக்குற ஒருத்தன் அவர் கையில காகிதக் கொடியைக் கொடுத்து, ‘உங்க ஊருல எப்போ?’ன்னு கேட்டானாம்.”

அந்தக் கதையைச் சுக்ஹானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அப்பா அவனிடம், ‘குடிக்கிற தண்ணிக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் கையேந்துறோம், நாங்க எங்கடா கேக்கிறது’ என்று சொல்லிச் சிரித்தாராம். சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். கடைசி வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

“நம்மள யாரு கேட்டாங்க?” விங்கெயின் குரல் உயர்ந்தது. “லண்டன்காரனும் பீக்கிங்காரனும் உக்காந்து பேசி முடிச்சாங்க. நாம வாடகைக்குக் குடியிருக்கிறவங்க, வீட்டுக்காரன் மாறுறான், அவ்வளவுதான். எல்லா ஊருக்கும் ஒரு நாடு கிடைச்சது. அப்பாவுக்குக் கல்லுல ரெண்டு எழுத்தாவது கிடைக்கட்டுமே.”

“அவ்வளவு பாசம் இருக்கிறவன் எதுக்குடா கனடா போய் வான்கூவர்ல வீடு பார்த்தே?”

“புள்ளைங்களுக்காக.”

“ஞாயித்துக்கிழமை விமானம் ஏறப்போற. வேற எவனும் போகலைன்னு சொல்லலை. ஆனா ஓடுறவன் ஊர் பேரை எழுதிவச்சுட்டு ஓட வேண்டாம்.”

பேசிக்கொண்டே தண்ணீர் வாளியில் கிடந்த துணியைப் பிழிந்து, முதல் எழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்தாள். சிவப்பு கரைந்து அவள் மணிக்கட்டில் வழிந்தது. மாஸ்டர் தடுக்கவில்லை. விங்கெயும் தடுக்கவில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாதி எழுத்தில் அவள் கை நின்றது.

சீன எல்லை திறந்த புதிதில் அப்பாவோடு தோங்குவான் போனவள் அவள் ஒருத்திதான். அன்று நடந்தது தம்பிக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை.

“உனக்கு ஒண்ணு சொல்லணும்” என்றாள். “அங்க சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கிறதுக்காக, சுங்கத்துக்குத் தெரியாம ஒண்ணு மேல ஒண்ணா நாலஞ்சு சட்டை போட்டுக்கிட்டுப் போனோம். எண்ணெய் டின்னு அப்பா தோள்ல. வீட்டு வாசல்ல சித்தப்பா நின்னாரு. ‘ஹாங்காங் விருந்தாளி வந்திருக்காரு, நல்ல நாற்காலி எடுத்துப் போடுங்க’ன்னாரு. எல்லாரும் தரையில குந்திச் சாப்பிட்டாங்க. அப்பா மட்டும் அந்த நாற்காலியில. அவர் பொறந்த வீட்டுல.”

விங்கெய் மெல்லத் திரும்பினான்.

“திரும்பி வரும்போது எல்லையில, லோ வூ பாலத்துல நடக்கிறோம். பாலத்தைத் தாண்டினதும் அப்பா என் கையைப் பிடிச்சு, ‘அப்பாடா, ஊருக்கு வந்துட்டோம்’னாரு.”

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் சண்டை போட்டே, அக்கா?”

“அங்க தாத்தா பாட்டி இருக்காங்க. இங்க அவருக்கு முன்னால போய்க் காத்திருக்கிறவங்க யாருடா? தனியா இருப்பாரேன்னுதான்.” துணியை வாளியில் போட்டாள். “மாஸ்டர், நான் அழிச்சதைத் திருப்பி எழுதிடுங்க. ஹாங்காங்தான். நல்லா ஆழமா வெட்டுங்க.”

மாஸ்டர் தூரிகையை மையில் தோய்த்தார். விங்கெய் அக்காவின் குடையை வாங்கிச் சுவரில் சாய்த்தான். நன்றி சொல்ல வாயெடுத்தவனை அவள் கையமர்த்தினாள்.

“அப்பாவை நான் பார்த்துக்கிறேன். வருஷா வருஷம் போய்க் கல்லைத் துடைக்க நான் இருக்கேன். நீ சொல்லு, தம்பி, அந்தக் குளிர்ல ஒரு நாள் நீ கண்ணை மூடினா, உன் கல்லுல எந்த ஊரை எழுதச் சொல்றது?”