சாக்பீஸ் வரப்பு

பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, ஊரே தரையில் குந்தி சாக்பீஸால் தன் நிலத்தை வரைந்துகொண்டிருந்தது. உழுகிறவருக்கே நிலம் என்று புதுச் சட்டம். எது யாருடையது என்று ஊர்க்காரர்களே வரைந்து காட்ட வேண்டும். யாராவது மறுத்துக் கையெழுத்துப் போட்டால் பழைய பதிவேட்டில் உள்ள பெயர்தான் நிற்கும். அவளுடைய முக்கால் ஏக்கர் ஒரு பாய் அளவுக்கு வந்திருந்தது. புருஷன் போனபின் பதினோரு வருஷமாக அவள் ஒருத்தியே மாடாய் உழைத்த நிலம். பழைய பதிவேட்டில் இருந்ததோ கொழுந்தன் பெயர்.

ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதந்தது. பார்க்கப் பார்க்கத் தரை தரையாக இல்லை. வாய்க்கால் என்று போட்ட இரண்டு கோடுகளை வயசானவர்கள்கூடக் காலை அகட்டித் தாண்டினார்கள். கிணற்று வட்டத்துக்குள் உட்காரப்போன ஒருத்தியைப் பக்கத்துக்காரி கையைப் பிடித்து இழுத்தாள். சர்வேயர் மட்டும் செருப்புக் காலோடு எல்லார் பயிரையும் மிதித்துக்கொண்டு திரிந்தார். அரசாங்க ஆள் என்று ஊர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டது. தன் கோடுகளுக்குள் நின்ற அவளுக்குப் பயிரின் பச்சை வாடைகூட வந்தது.

"இது யாரோடது?" என்று கேட்டார் சர்வேயர்.

"என்னோடதுங்க."

பக்கத்துக் கட்டத்திலிருந்து கொழுந்தன் எழுந்தான். "அண்ணி பாவம், ஏதோ நெனச்சு வரைஞ்சிட்டாங்க. அது என் நிலம். நான்தான் உழுறேன்."

ஊர் தலையைக் குனிந்து தன் தன் கோட்டைத் திரும்ப வரைந்தது. டிராக்டர் அவனிடம்தான் இருக்கிறது. நாளைக்கு அவன் தயவு எல்லாருக்கும் வேண்டும். அது அவளுக்கும் புரிந்தது, புரிந்ததால் இன்னும் வலித்தது.

"அப்ப வந்து கையெழுத்து போடுங்க," என்றார் சர்வேயர் கொழுந்தனிடம்.

சர்வேயரின் மேஜை அவள் கட்டத்துக்கு நேர் அந்தப் பக்கம் இருந்தது. குறுக்கே போனால் நாலு எட்டு. கொழுந்தன் விறுவிறுவென்று அவள் கோடு வரை வந்தான். வந்தவன் சட்டென்று ஒதுங்கி, ஓரமாகவே ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து, முழுக் கட்டத்தையும் சுற்றிக்கொண்டு மேஜைக்குப் போய்ச் சேர்ந்தான்.

சர்வேயர் பேனாவை நீட்டவில்லை. "உங்க நிலம்தானே, ஏன் சுத்தி வந்தீங்க?"

"காலைலதான் அண்ணி தண்ணி பாய்ச்சினாங்க. சேறா கெடக்கும்ல," என்றான் அவன், இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில்.

சொல்லிவிட்ட பிறகுதான் அவன் முகம் மாறியது. யாரும் சிரிக்கவில்லை. பேனா இன்னும் சர்வேயர் கையிலேயே இருந்தது. அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வெறும் சிமெண்ட் தரைதான். ஆனாலும் அவள் கால்விரல்களுக்கு நடுவே ஈரம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.