ஏழு நிமிடக் கொலை

"கொலைகாரன் தப்பிச்சிட்டான். உங்க கதைதான் மாட்டிக்கிச்சு மேடம்" என்றார் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர்.

பதிப்பாளரின் முகம் தொங்கிப்போனது. இருபது வருடங்களாக எழுத்தாளர் எழுதிவரும் துப்பறியும் நாவல்கள் எல்லாமே கடல் கடந்த ஒரு துறைமுக நகரத்தில் நடப்பவை. அங்கே அவர் கால் வைத்ததே இல்லை. இப்போது அந்த நகரத்துப் பதிப்பகமே பத்தொன்பது நாவல்களையும் மொழிபெயர்த்து வெளியிடத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை, அங்கே முப்பது வருடம் போலீஸ் வேலை பார்த்த இந்த இன்ஸ்பெக்டர் 'நகரம் சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"படகுத்துறையிலேர்ந்து கோர்ட்டுக்கு ஏழு நிமிஷமா? குறைஞ்சது பதினஞ்சு ஆகும்."

"ஏழுதான் சார். எங்க வீட்டுக்காரரே ஓடிப் பார்த்தாரு."

"அங்கே போயா?"

"மொட்டைமாடியில. வரைபடத்துல நூல் வெச்சு அளந்து, அத்தனை சுற்று ஓட விடுவேன்."

மூலையில் இருந்த கணவர் முழங்காலைத் தடவினார். "பத்தொன்பது கொலைக்கும் ஓடினது நான் சார். பேர் மட்டும் இவளுக்கு."

"அக்கா, பேசாம பதினஞ்சுன்னு மாத்திடலாமே" என்று கெஞ்சினார் பதிப்பாளர்.

"அப்போ கொலைகாரன் நேரத்துக்குக் கோர்ட்டுக்குப் போயிருக்கவே முடியாது. கதையே போச்சு. மாத்த மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்தபடி மகளுக்கு போன் போட்டு, கோர்ட்டுவரை ஓடிப் பார்க்கச் சொன்னார். அவளும் அங்கே போலீஸ்தான்; படகுத்துறையில் பணியில் இருந்தாள்.

"மீன் மார்க்கெட் முன்வாசல்ல நுழைஞ்சு பின்வாசல்ல வரச் சொல்லுங்க. எதிர்லயே படிக்கட்டு. எண்பத்திரண்டு படி. நகராட்சி வரைபடத்துல எண்ணிக்கையே போட்டிருக்கு" என்றார் எழுத்தாளர்.

"மார்க்கெட்டுக்குள்ளேயா?" இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது.

ஸ்பீக்கரில் பூட்ஸ் சத்தம். யாரோ ஒரு மீன்காரி திட்டினாள். பிறகு மூச்சிரைப்பு மட்டும். பதிப்பாளர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! கோர்ட் வாசல்ல நிக்கறேன். ஆறு நிமிஷம் ஐம்பது செகண்ட்!"

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முப்பது வருஷமும் ஜீப்புலயே சுத்தி வந்துட்டேன். ஜீப் எங்கே மார்க்கெட்டுக்குள்ள நுழையும்!"

"அப்பா, படி எண்பத்திரண்டேதான். இதை எழுதினவங்க இங்கே எந்தத் தெருவுல இருக்காங்க?"

பதிப்பாளர் மேசையைத் தட்டி விசிலடித்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இருபதாவது கொலை எங்கே மேடம்?"

"கலங்கரை விளக்கத்து உச்சியில சார்."

கணவர் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டார்.